முதல் கூடை விழும் வரை

அத்தியாயம் 17

"புதன்கிழமை ஆட்டத்துக்கு வரத்தான் போறேன். நிக்கத்தான் போறேன்" என்று வில்மா தொலைபேசியை வைத்தாளே, அந்தப் புதன்கிழமை விடிந்துவிட்டது.

இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. லோர்னா காலை ஏழரைக்கே காரின் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாத்தனார் வில்மாவின் வீடு நாலு தெரு தள்ளித்தான். ஆனால் அந்த நாலு தெருவுக்குள் என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்து முடிக்க வேண்டியிருந்தது.

வில்மாவுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றி வைத்து ஆறு வாரம்தான் ஆகிறது. "ஒரே இடத்துல மூணு நிமிஷத்துக்கு மேல நிக்காதீங்க. மறுபடி வீங்கினா மறுபடி கத்திதான்" என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மூன்று நிமிடம் என்பது வேறு ஊரில் பெரிய விஷயமில்லை. நியூ ஆர்னம் கல்லூரியில் பெரிய விஷயம். எங்கள் பெண்கள் கூடைப்பந்து ஆட இறங்கினால் அரங்கமே எழுந்து நிற்கும். நம் அணியின் முதல் கூடை விழும் வரை ஒருவரும் உட்கார மாட்டார்கள். நல்ல வருடங்களில் அது அரை நிமிடச் சமாசாரம்.

இந்த வருடம் அப்படி இல்லை. வரிசையாக ஐந்து தோல்வி. போன சனிக்கிழமை ஆட்டம் முழுவதற்கும் சேர்த்து முப்பத்தாறே புள்ளி. முதல் கூடை விழ ஆறு நிமிடம் ஐம்பது வினாடி. அன்று நின்றவர்களில் பாதிப் பேர் மறுநாள் தேவாலயத்தில் பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

அந்த அணியின் பயிற்சியாளர் கெரிட் வெல்ட்கம்ப், வில்மாவின் தம்பி, லோர்னாவின் கணவர். அணித் தலைவி அவர்கள் மகள் டெஸ்ஸா; கல்லூரியில் இது அவளுக்குக் கடைசி வருடம். ஆடுகளத்துக்கு வெளியே மேசையில் உட்கார்ந்து புள்ளிப் புத்தகம் எழுதுவது லோர்னா. இந்த ஏற்பாட்டுக்கு ஊரில் 'வெல்ட்கம்ப் வீட்டு ஜெபக்கூட்டம்' என்று பெயர்.

வில்மாவின் சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. அவள் ஒரு ஸ்டூலின் மேல் வலது காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, மேசையில் மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆட்ட நாளில் அணிக்கு மதியச் சாப்பாடு போடுவது தேவாலயத்துப் பெண்கள். சில்லி என்கிற பீன்ஸ், இறைச்சிக் குழம்பை யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதற்குத் தொட்டுக்கொள்ளும் சினமன் ரோல், அந்தப் பட்டைத்தூள் இனிப்பு ரொட்டிச் சுருள் மட்டும் வில்மா கையால்தான்.

"வா வா. பனியை வெளியிலேயே உதறிட்டு வா. என்னைத் திட்ட வந்தவ தரையை ஏன் நனைக்கறே?"

"திட்ட வரலை அண்ணி."

"கெஞ்ச வந்தியா? அது அதைவிட மோசமாச்சே."

லோர்னா கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். "ஒரு யோசனை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கீழே சக்கர நாற்காலிக்காரங்களுக்குன்னு இடம் விட்டிருக்காங்கள்ல? அங்க உட்காருங்க. அங்க உட்கார்ந்தா நின்ன மாதிரின்னே எல்லாரும் ஒத்துக்குவாங்க."

"யாரு ஒத்துக்குவாங்க?"

"ஊரே."

"நான் ஒத்துக்க மாட்டேனே."

"சரி, வேற. முதல் கூடை விழுந்த பிறகு வாங்க. பக்கத்துலதானே வீடு. நான் போன் பண்ணச் சொல்றேன்."

"போன சனிக்கிழமை மாதிரி விழுந்தா? போன் வர்றதுக்குள்ள நான் தூங்கிப் போயிடுவேன்."

லோர்னா சிரிக்கக் கூடாது என்று வந்திருந்தாள். சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "அண்ணி, மறுபடி கத்தின்னா தாங்குவீங்களா? நிஜமாச் சொல்லுங்க" என்றாள்.

வில்மா மாவு தேய்க்கும் உருளையை ஓரமாக வைத்தாள்.

"முப்பத்தோரு வருஷமா நிக்கறேன் லோர்னா. இன்னிக்கு நான் உட்கார்ந்தா அந்தப் பிள்ளைங்க மேலே பார்ப்பாங்க. அத்தைக்குக் கால் வலின்னா நினைப்பாங்க? அத்தையே கைவிட்டுட்டாங்கன்னு நினைப்பாங்க. முக்கியமா உன் பொண்ணு."

"உங்க கால் பத்தி டெஸ்ஸாவுக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சும் அப்படித்தான் நினைப்பா. அவ கெரிட் பெத்த பொண்ணு."

லோர்னா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீ போய் உன் புருஷன்கிட்ட சொல்லு. மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு கூடை. ஒண்ணே ஒண்ணு. பொறந்ததுலேர்ந்து அவன்கிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்லை." வில்மா மறுபடி உருளையைக் கையில் எடுத்தாள். "அந்தச் சர்க்கரை டப்பாவை இந்தப் பக்கம் தள்ளிட்டுப் போ."

மாலை ஆறு மணிக்கு ஆட்டம். இரண்டு மணிக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பதினோரு பெண்கள் ஈரத் தலையும் தடித்த கோட்டுமாக நீள மேசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கெரிட் கடைசியாக வந்தார். கக்கத்தில் ஆட்ட ஏற்பாடுகளை வரைகிற பலகை. கண்ணுக்குக் கீழே கறுப்பு. உட்காரும் முன்பே உப்புக் குடுவை, மிளகுக் குடுவை, மூன்று கரண்டி என்று எடுத்து மேசையில் ஓர் அணியை நிறுத்திவிட்டார்.

"பதினெட்டாவது ஏற்பாடு, லோர்னா. பாரு. மிளகு இங்க வருது. உப்பு அதுக்கு மறைவு கட்டுது. கரண்டி ஓடி வந்து வாங்கி, திருப்பி உப்புக்கே கொடுக்குது."

"சரி. கூடையில யார் போடறது?"

"அது அந்தந்த நேரத்துக்கு யாருக்கு வாய்ப்பு அமையுதோ..."

"ம்" என்றாள் லோர்னா. காபிக் கூஜாவை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றினாள்.

சில்லிக் கிண்ணங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. வில்மா அனுப்பிய தட்டில் பன்னிரண்டு ரோல். பதினோரு பேர் பதினொன்றை எடுத்தாயிற்று. ஒன்று மீதம்.

எங்கள் ஊரில் தட்டில் கடைசியாக இருப்பதை யாரும் முழுதாக எடுக்க மாட்டார்கள். அப்படி ஒரு சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனால் எடுத்தவளை நாற்பது வருடம் கழித்தும் நினைவு வைத்திருப்பார்கள்.

முதலில் ஹில்டி கத்தியை எடுத்தாள். ஆறடி இரண்டு அங்குலம், கூடைக்கடியில் நின்று ஆடுபவள். "எனக்குப் பாதி போதும்" என்று ரோலை இரண்டாக வெட்டிப் பாதியை எடுத்துக்கொண்டாள். தட்டு நகர்ந்தது. அடுத்தவள் அந்தப் பாதியைப் பாதியாக்கினாள். "நீ எடுத்துக்கோ." "ஐயோ, வேண்டாம்ப்பா, நீ எடு." "நான் கொஞ்சமா கிள்ளிக்கறேன்." தட்டு மறுபடி நகர்ந்தது. டெஸ்ஸாவிடம் வந்தபோது துண்டு தீப்பெட்டி அளவு. அவள் அதிலும் பாதியை வெட்டிவிட்டு, இரண்டையும் தொடாமல் தட்டை அடுத்தவளிடம் தள்ளினாள்.

லோர்னா கூஜாவோடு நின்றுவிட்டாள்.

"கெரிட், இங்க பாருங்க."

"இரு, கரண்டி எங்க போகுதுன்னு..."

"கரண்டியை விடுங்க. உங்க ஆட்டம் அங்க ஓடிட்டிருக்கு, பாருங்க."

கெரிட் தலையைத் தூக்கினார். தட்டு ஒரு சுற்று முடித்து இரண்டாம் சுற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கை மாறியது. கத்தி மாறியது. எல்லார் முகத்திலும் புன்னகை. துண்டு கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிட்டது. அதை ஒருத்தியும் வாயில் போடவில்லை.

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

முப்பது வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இல்லையென்றால் கடிகாரம் அலறும், பந்து எதிரணிக்குப் போய்விடும். சனிக்கிழமை அந்தக் கடிகாரம் பதினோரு முறை அலறியது. பதினோரு முறையும் பந்து அழகாகக் கை மாறிக்கொண்டிருந்தது.

"யாராவது ஒருத்தி அதை எடுத்துச் சாப்பிடுங்கம்மா" என்றார் கெரிட்.

பதினோரு தலைகள் திரும்பின.

"நீங்க எடுத்துக்கங்க கோச்" என்றாள் ஹில்டி, மரியாதையாக.

"இல்லம்மா, எனக்கு வேண்டாம், நீங்க..." என்று ஆரம்பித்த கெரிட் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

லோர்னா அவர் கையைப் பிடித்துச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், ஏதோ நினைவு வந்தவர்கள் போல வெளியே போனார்கள்.

"ஒண்ணு கேட்கறேன். பதினெட்டு ஏற்பாடு வரைஞ்சிருக்கீங்க. அதுல எத்தனை டெஸ்ஸா எறியற மாதிரி முடியுது?"

"அப்படித் தனியா ஒருத்திக்குன்னு..."

"எத்தனை?"

கெரிட் அண்டாவைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லை."

"நாலு வருஷத்துல ஒண்ணுகூட?"

"இல்லை."

"இந்த அணியில நல்ல கை யாருது?"

"லோர்னா, நான் கோச். நீ புத்தகம் எழுதறே. பந்தையும் நம்ம பொண்ணுகிட்டயே கொடுன்னு நான் சொன்னா ஊர் என்ன பேசும்?"

"ஊர் இப்ப நின்னுகிட்டே பேசிட்டிருக்கு. உங்க அக்கா புதுக் காலோட நிக்கப் போறாங்க. மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு கூடை வேணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க."

கெரிட் கதவுப் பக்கம் திரும்பினார். வெளியே தட்டு இன்னும் நகர்கிற சத்தம் கேட்டது.

"அந்தப் பிள்ளைங்களுக்கு இதை யாரு கத்துக் கொடுத்தாங்கன்னு நினைக்கறே?" என்றார்.

"எல்லாரும்தான். நீங்க ஒரு கை கூடுதலா."

ஐந்தரை மணிக்கு அரங்கத்தின் பின்பக்க நடைவழியில் கெரிட் மகளைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளே வாத்தியக்குழு ஒத்திகை பார்க்கிற சத்தம். டெஸ்ஸா சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தபடியே இருந்தாள்.

"பலகையை அழிச்சிட்டேன்" என்றார். "பதினெட்டையும். இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான். முதல் பந்து உனக்கு வரும். நீ எறியறே."

"கோச், கேரா எறியட்டுமே, அவளுக்கு இன்னிக்கு நல்லா..."

"கோச் இல்லை. அப்பா சொல்றேன்."

அரங்கத்துக்குள் அவர் அப்படிச் சொன்னதில்லை. டெஸ்ஸா நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை வந்தாச்சா?"

"வந்தாச்சு. மூணாவது வரிசை, கம்பி ஓரம். ரெண்டு பேர் பிடிச்சு ஏத்தினாங்க. ரெண்டு பேரையும் திட்டிக்கிட்டே ஏறினா."

டெஸ்ஸா கண்ணை மூடிக்கொண்டாள். "அப்பா, உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கு எறியப் பயம் இல்லை. எறிஞ்சு விழாம போனதும் என்ன ஆகுது தெரியுமா? கை தட்டறாங்க. 'பரவாயில்ல கண்ணு, நல்ல முயற்சி'ன்னு. ஆயிரம் பேர், கால் கடுக்க நின்னுக்கிட்டு, சிரிச்ச முகமா. என்னால அதைத் தாங்க முடியலை. ஒருத்தர், ஒரே ஒருத்தர் திட்டினா நான் அடுத்ததை எறிஞ்சிடுவேன்."

"நான் திட்டட்டுமா?"

"உங்களுக்குத் திட்டத் தெரியாதுப்பா."

கெரிட் யோசித்தார். தொண்டையைக் கனைத்தார். "கழுதை."

"நம்ம டிராக்டரைக்கூட நீங்க அப்படித்தான் கூப்பிடுவீங்க. அது கொஞ்சறது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் அவள் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். கெரிட் அதைப் பார்த்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைத்தார். வாத்தியக்குழு நிறுத்தியது. உள்ளே போகிற நேரம்.

நடுவர் பந்தைத் தூக்கிப் போட்டார். ஆயிரம் பேர் நின்றார்கள்.

லோர்னா புத்தகத்தின் மேல் குனிந்திருந்தாள். புள்ளி எழுதுகிறவர் கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது, முகம்கூட மாறக் கூடாது. பன்னிரண்டு வருடமாக அவள் முகம் மாறியதில்லை. பக்கத்தில் கடிகாரம் பார்க்கிற ஆர்லோ, தபால் ஆபீசில் வேலை பார்ப்பவர், அதற்காகவே அவளை மதிப்பவர்.

கிளியர்வாட்டர் கல்லூரியின் சிவப்புச் சட்டைப் பெண்கள் முதல் கூடையைப் போட்டார்கள். எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அவர்கள் கூட்டம் கை தட்டியது. அவர்களுக்கு நிற்கிற வழக்கம் கிடையாது. வசதியாக உட்கார்ந்துதான் தட்டினார்கள்.

நம் பந்து. டெஸ்ஸாவுக்கு வந்தது. முன்னால் யாரும் இல்லை. கை மேலே போனது. போன கை இறங்கியது. பந்தை ஹில்டிக்குக் கொடுத்துவிட்டாள். ஹில்டி கேராவுக்கு. கேரா வேறொருத்திக்கு. கடிகாரம் அலறியது.

"கழுதை!" என்று கெரிட் கத்தினார். அரங்கமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அவர் காது சிவந்துவிட்டது. இருந்தாலும் உட்காரவில்லை. "கழுதை! எறி!"

அடுத்த பந்தை அவள் எறிந்தாள். வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போனது.

"பரவாயில்ல கண்ணு!" என்றது கூட்டம்.

"பரவா இருக்கு!" என்றார் கெரிட். "மறுபடி!"

மறுபடி எறிந்தாள். வளையத்தையே தொடவில்லை. கூட்டத்தில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, பயிற்சியாளர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

லோர்னா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. அவர்களுக்கு ஏழு, நமக்குச் சைபர். தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கினாள். மூன்றாவது வரிசையில் வில்மா நேராக நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு கை கம்பியில்.

அப்போது ஹில்டியை ஒரு சிவப்புச் சட்டைக்காரி இடித்துத் தள்ளினாள். இரண்டு ஃப்ரீ த்ரோ. தடுக்க ஆளில்லாமல் கோட்டில் நின்று எறிவது. முதலாவது தவறியது. இரண்டாவது விழுந்தது. ஒரு புள்ளி!

பாதி அரங்கம் பெருமூச்சோடு உட்கார்ந்தது. மீதிப் பாதி உட்காரவில்லை. வாக்குவாதம் தொடங்கியது.

"புள்ளி புள்ளிதானே?"

"ஃப்ரீ த்ரோ எப்படிய்யா கூடையாகும்?"

"கூடைக்குள்ளதானே விழுந்துச்சு, கிணத்துலயா விழுந்துச்சு?"

"வில்மாவைக் கேளுங்க!"

எல்லாரும் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள். வில்மா உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். கிடையாது. உட்கார்ந்த பாதி அரங்கம் முனகிக்கொண்டே எழுந்தது. மருத்துவர் தந்த மூன்று நிமிடத்துக்கு மேல் இன்னொரு நிமிடம் ஓடிவிட்டது.

களத்திலிருந்து டெஸ்ஸா அதைப் பார்த்தாள்.

அடுத்த பந்தை அவள் யாரிடமும் வாங்கிக்கொள்ளவில்லை. கேராவின் கையிலிருந்து, தன் அணிக்காரியின் கையிலிருந்து, பிடுங்கினாள். கேரா வாயைத் திறந்தபடி நின்றாள். டெஸ்ஸா எறிந்தாள். தவறியது. இரண்டு சிவப்புச் சட்டைகளுக்கு நடுவே புகுந்து தானே பந்தைப் பிடித்தாள். திரும்ப எறிந்தாள். தவறியது. ஹில்டியின் கைக்கு வந்ததை, "என்கிட்ட கொடு!" என்று கத்தி வாங்கினாள். நியூ ஆர்னத்தில் ஒரு பெண் பொது இடத்தில் அப்படிக் கத்திக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. விழுந்துகொண்டே, பாதி முதுகு கூடைக்குத் திரும்பியிருக்க, எப்படியோ எறிந்தாள். கூடைக்குப் பின்னால் இருக்கிற பலகையில் பட்டது. வளையத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. யோசித்தது.

விழுந்தது.

அழகான கூடை இல்லை. பதினெட்டு ஏற்பாட்டிலும் அப்படி ஒன்று இல்லை. ஐந்து நிமிடம் இருபத்திரண்டு வினாடி என்று ஆர்லோ சொன்னார். லோர்னா மகளின் பெயருக்கு நேராக இரண்டு என்று எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது.

ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். பலகை இருக்கைகள் கிறீச்சிட்டன.

வில்மா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கிளியர்வாட்டர் பெண்கள் எறிந்து தவறவிட்டார்கள். ஹில்டி பந்தைப் பிடித்து டெஸ்ஸாவிடம் கொடுத்தாள். டெஸ்ஸா பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினாள், மேலே பார்த்தாள். உட்கார்ந்த தலைகளுக்கு நடுவே அத்தை தனியாக, கம்பியைப் பிடித்தபடி. பின்னால் இருந்த ஒருவர், "வில்மா, விழுந்தாச்சு, உட்காரலாம்!" என்றார். வில்மா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கால் மடங்கவில்லை.

லோர்னா பேனாவை இறுக்கிக்கொண்டாள். மேசையை விட்டு அவள் எழுந்திருக்கக் கூடாது.

டெஸ்ஸா நின்றாள். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து நடுவரிடம் காட்டினாள். டைம் அவுட்.

அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாரு கேட்டா?" என்றார் கெரிட், பலகையும் கையுமாக.

"உங்க தலைவிதான் கோச்" என்றார் நடுவர். "முப்பது வினாடி."

அதற்குள் டெஸ்ஸா களத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் ஹில்டி. அப்புறம் கேரா. அணி முழுவதும் தன்னைத் தாண்டிப் போவதைக் கெரிட் பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்ட நேரத்தில் ஆட்டக்காரிகள் கூட்டத்துக்குள் ஏறக் கூடாது. அது நடுவருக்கும் தெரியும். அவர் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்தார்.

ஹில்டி அத்தையின் தோளுக்கடியில் கை கொடுத்தாள். டெஸ்ஸா மண்டியிட்டு அந்தக் காலை இரண்டு கைகளிலும் தாங்கினாள்.

"மெதுவா அத்தை. காலை நான் பிடிச்சிருக்கேன். சாயுங்க."

"போங்கடி. போய் ஆடுங்க. டைம் அவுட் வீணாப் போகுது."

"போகட்டும். என் டைம் அவுட். நான்தான் கேட்டு வாங்கினேன்."

வில்மா குனிந்து மருமகளின் முகத்தைப் பார்த்தாள். வியர்வையும் கலைந்த முடியுமாக இருந்தது. "அப்படியா?" என்றாள். "கேட்டு வாங்கினியா?" பிறகு எதிர்ப்புக் காட்டாமல் சாய்ந்தாள். நீட்டிய காலோடு, ஒரு நீளமான "அம்மாடி"யோடு உட்கார்ந்தாள்.

அரங்கம் கை தட்டியது. இந்த முறை டெஸ்ஸாவுக்கு அது வலிக்கவில்லை. கவனிக்கவே இல்லை. சங்கு ஊதியதும் படிகளில் குதித்து இறங்கி ஓடினாள். போகிற வழியில் அப்பா நின்றார்.

"கேட்காம டைம் அவுட் எடுத்தே" என்றார்.

"ஆமா."

"ம்" என்றார் கெரிட். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினார்.

லோர்னா டைம் அவுட்டைக் குறித்துக்கொண்டாள். குறித்துவிட்டு, கால் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்றாவது வரிசைக்குக் கண்ணை ஓட்டினாள்.

அப்போதுதான் பார்த்தாள். வில்மாவின் ஒரு கை கம்பியில் இருந்தது. மற்றொரு கை, பக்கத்தில் இருந்தவரின் முழங்கைக்குள் இருந்தது. அறுபதைத் தாண்டிய மனிதர். நரைத்த மீசை. தலையில் கிளியர்வாட்டரின் சிவப்புத் தொப்பி.

எதிரணிக்காரர். அவர்களில் ஒருவர்கூட நிற்கவில்லையே. இந்தப் பக்கம் உட்கார்ந்தே இருந்தவர் யாரும் இல்லை; அப்படியானால் அவர்களில் இவர் மட்டும் நம்மோடு நின்றிருக்கிறார்.

வில்மாவை உட்கார வைத்தாயிற்று. இனி எதையும் பிடித்துக்கொள்ள அவசியம் இல்லை. ஆனால் அவள் கையை எடுக்கவில்லை. தலையைச் சாய்த்து அவரிடம் ஏதோ சொன்னாள். அறிமுகமில்லாதவரிடம் பேசுகிற மாதிரி இல்லை அது. அந்த மனிதர் சிவப்புத் தொப்பியைக் கழற்றினார். சுருட்டிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வில்மா சிரித்தாள். முப்பத்தோரு வருடத்தில் லோர்னா பார்க்காத ஒரு சிரிப்பு.

அரங்கம் திடீரென்று ஆர்ப்பரித்தது.

"லோர்னா!" ஆர்லோ முழங்கையால் இடித்தார். "ரெண்டு புள்ளி. எழுது."

லோர்னா திடுக்கிட்டுக் களத்தைப் பார்த்தாள். வலை ஆடிக்கொண்டிருந்தது. பெண்கள் திரும்பி ஓடிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கூடைகூட அவள் கண்ணிலிருந்து தப்பியதில்லை.

"யாரு போட்டா?" என்றாள்.

ஆர்லோ அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"உன் பொண்ணுதாம்மா. நீ எங்க பார்த்துட்டிருந்தே?"